நெருப்பில்லை, சாம்பலில்லை

பசுபதியைப் போல சிகரெட்டை விட்ட மனிதரை நான் பார்த்ததில்லை. பதினேழு தடவை விட்டிருக்கிறார். ஒவ்வொரு வருஷமும் கார்த்திகை முதல் தேதி ஐயப்பனுக்கு மாலை போடுவார். அன்றைக்கே சிகரெட் நிற்கும். நாற்பத்தொரு நாள் இரண்டு வேளையும் பச்சைத் தண்ணீரில் குளியல், தரையில் படுக்கை, ஒரு வேளைச் சாப்பாடு. விரதம் முடிந்து மாலையைக் கழற்றிய பத்தாவது நிமிடம் கோயில் பார்க்கிங்கில் தன் காருக்குப் பின்னால் நின்று பற்ற வைப்பார். “விட முடியாதுன்னு யாரு சொன்னா? வருஷா வருஷம் விடறேனே!” என்பார். இப்படிப்பட்டவரிடம் என்னத்தைப் பேசுவது?

நான் வெங்கடகிருஷ்ணன். டெக்சாஸில் ஆலன் என்கிற ஊரில் அவருக்கு அடுத்த தெரு. இரண்டு பேருக்கும் ஆபீஸ் பிளானோவில், லெகஸி பக்கம், எதிரெதிர்க் கட்டடங்கள். பதினோரு வருஷமாக ஒரே காரில் போய் வருகிறோம். ஒரு வாரம் அவர் கார், ஒரு வாரம் என் கார். டோல்வே என்கிற சுங்கச் சாலையில் போக வர ஒரு மணி நேரம். கட்டிய மனைவியிடம் பேசியதைவிட நான் பசுபதியிடம் பேசியதுதான் அதிகம். அதனால் அவர் கதையைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. அவரும் சம்மதித்துவிட்டார். “என் பேரையே போட்டு எழுதுங்க, ஒளிஞ்சது போதும்” என்றார்.

வயது நாற்பத்தேழு. சொந்த ஊர் விருத்தாசலம். மற்றவர்கள் எழுதுகிற சாப்ட்வேரைச் சோதித்துக் குற்றம் கண்டுபிடிப்பது வேலை. அந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே வரும். ஒரு ரைஸ் குக்கர் வாங்க மூன்று வாரம் ஸ்பிரெட்ஷீட் போட்டவர். எதைக் கையில் கொடுத்தாலும் இது எங்கே உடையும், எப்போது உடையும் என்றுதான் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். தன்னை மட்டும் ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை. மனைவி காமாக்ஷி ஒரு டேகேரில் டீச்சர். ஒரே மகள் அதிதி ஆஸ்டினில் காலேஜ் படிக்கிறாள்.

போன அக்டோபரில் காமாக்ஷிக்கு வழக்கமான மேமோகிராம் எடுத்தார்கள். வலது மார்பில் கடலை அளவுக்கு ஒரு கட்டி. ஊசி விட்டுக் கொஞ்சம் எடுத்துப் பார்த்தார்கள். கேன்சர் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அணுக்கள் கொஞ்சம் சந்தேகமாக இருக்கின்றன, கட்டியை முழுசாக எடுத்துப் பரிசோதித்தால்தான் தெரியும் என்றார்கள். பசுபதி எதையும் பாஸ், ஃபெயில் என்று இரண்டாகப் பிரித்தே பழகியவர். இந்த நடுவாந்தரமான பதில் அவரை ஆட்டி வைத்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் காரில் பாட்டு நின்றது.

“அவ அம்மா இதே வியாதிலதான் போனாங்க வெங்கி. நாப்பத்தொம்பது வயசு” என்று ஒரே ஒரு தடவை சொன்னார். காமாக்ஷிக்கு நாற்பத்துநான்கு. நான் ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

நவம்பர் பதினேழு மாலை போடுகிற நாள். அவருக்கு அது பதினெட்டாவது மாலை. பதினெட்டைத் தொட்டவர் குருசாமி. மற்றவர்களுக்கு மாலை போட்டுவிடுவதும், விரதத்தில் எது கூடும், எது கூடாது என்று சொல்வதும் அவர் பொறுப்பு. எங்கள் குழுவில் ஏழு பேர். எனக்கு மூன்றாவது வருஷம். சேனாபதி என்று ஒருவர், நாற்பது வயதில் முதல் தடவை மாலை போடுகிற கன்னிசாமி. மாலை கழுத்தில் விழுந்துவிட்டால் பெயர் கிடையாது. எல்லோருக்கும் எல்லோரும் சாமிதான். கட்டிய மனைவியும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும்.

சன்னிதியில் காமாக்ஷியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு பசுபதி உரக்கவே சொன்னார். “இந்த மாலையோட புகையை விட்டேன். கழட்டினதுக்கு அப்புறமும் தொட மாட்டேன், சாகற வரைக்கும். இவளுக்கு ஒண்ணும் வரக் கூடாது. இதுதான் உனக்கும் எனக்கும் பேச்சு.”

காமாக்ஷி கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தார். ஆண்டவனிடம் பேரம் பேசுவது ஆபத்தான காரியம் என்று எனக்கு அப்போதே பட்டது. சொல்லவில்லை. பேச வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொள்வதில் நான் கெட்டிக்காரன், இந்தக் கதை முழுக்க அதைப் பார்ப்பீர்கள்.

ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. டிசம்பர் ஒன்பதாம் தேதி ஆபரேஷன். மறுநாள் காலை என் காரில் ஏறி உட்கார்ந்தவர்மேல் மெந்தால் வாசனை. தொண்டை கட்டியிருக்கிறது, மிட்டாய் போட்டிருக்கிறார் என்று நினைத்தேன். டோல்வேயில் ஏறியதும் உள்ளங்கையைத் திறந்து காட்டினார். சுண்டுவிரல் நீளத்தில் கறுப்பாக, தட்டையாக ஒன்று இருந்தது.

“என்ன சாமி, பென் டிரைவா?”

“வேப். ஈ-சிகரெட்” என்றார். “நேத்து சாயங்காலம் பால் வாங்கப் போனேன். பெட்ரோல் போட்ட கேஸ் ஸ்டேஷன் கடைலயே இருந்தது. இந்தத் தாடியைப் பாத்துட்டும் இருபத்தொரு வயசாச்சான்னு ஐடி கேக்கறான் சாமி.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் வரவில்லை. கழுத்தில் துளசி மாலை, இடுப்பில் கறுப்பு வேட்டி, கையில் இது. நான் வண்டியை வலது லேனுக்கு மாற்றி வேகத்தைக் குறைத்தேன்.

“சாமி, சன்னிதில என்ன சொன்னீங்க?”

“புகையை விட்டேன்னு சொன்னேன். இதுல புகை எங்க இருக்கு? நெருப்பில்ல, சாம்பல் இல்ல, இலையே இல்ல. உள்ள இருக்கற தண்ணியைச் சூடு பண்ணி ஆவியாத் தருது. அவ்வளவுதான்.”

“நிகோடின்?”

“அது இருக்கு. காபில கஃபைன் இல்லையா?”

“கன்னிசாமிக்குக் காபி கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

அதை வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டார். அப்புறம் திரும்பி, “நான் சிகரெட்டுக்குப் போயிடுவேனோன்னு பயந்துதான் சாமி இதை வாங்கினேன். சிகரெட்டைத் தொட்டா அவளுக்கு ஏதாவது ஆயிடும். இது ஒரு இவால்யுவேஷன்னு வெச்சுக்கோங்க. டெஸ்ட் பண்ணிட்டு முடிவு பண்ணலாம்” என்றார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்று கேட்க நினைத்தேன். மாலை போட்ட குருசாமியை எதிர்த்துப் பேசக் கூடாது என்று ஒரு சாக்கைக் கண்டுபிடித்து அதையும் கேட்கவில்லை.

சோதனையை அவர் முறையாகவே செய்தார். போனில் ஒரு ஷீட் திறந்தாயிற்று. உள்ளங்கைக்குள் மறைகிறது, வேட்டி மடிப்பில் சொருகினால் தெரியவில்லை: பாஸ். பட்டன் கிடையாது, வாயில் வைத்து இழுத்தால் தானே வேலை செய்கிறது: பாஸ். பாட் என்கிற சின்னக் குப்பியைக் கம்பெனியே நிரப்பி மூடி விற்கிறது. தீர்ந்தால் அதைப் பிடுங்கிப் போட்டு இன்னொன்றைச் செருக வேண்டும். காந்தம் டக்கென்று பிடித்துக்கொள்ளும். நிரப்புகிற தொல்லை இல்லை: பாஸ். துணியில் நாற்றம் இல்லை. பேட்டரி காலையிலிருந்து சாயங்காலம் வரை தாங்குகிறது. மூன்றாம் நாள் ஒரு சொட்டுக் கசிந்து நாக்கில் பட்டுப் பச்சை மிளகாயைக் கடித்தது போல எரிந்தது: ஃபெயில். தொண்டையில் பிடிக்கிற பிடிக்குப் பத்துக்கு ஆறு மார்க். காலை இருமல் குறைந்திருக்கிறது என்று பச்சை நிறத்தில் போட்டிருந்தார்.

“சிகரெட் பிடிக்கறவங்க முழுசா இதுக்கு மாறினா கெடுதல் கம்மின்னு சொல்றாங்க சாமி” என்றார் ஒரு நாள்.

“கம்மின்னா இல்லவே இல்லைன்னு அர்த்தமா?”

“இல்ல.”

“சரி, நீங்கதான் அதுக்கு முன்னாடியே ஒம்பது நாளா சிகரெட்டை விட்டிருந்தீங்களே. எதுலேர்ந்து மாறறீங்க?”

அதற்கு ஷீட்டில் கட்டம் இல்லை. போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

டிசம்பர் ஆறாம் தேதி, சனிக்கிழமை, அவர் வீட்டில் பஜனை. முப்பது பேர் வந்திருந்தார்கள். பசுபதிதான் சரணம் சொல்ல வேண்டும். அவர் சொல்ல நாங்கள் திருப்பிச் சொன்னோம். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் எழுந்து பாத்ரூம் போனார். முதல் தடவை யாரும் கவனிக்கவில்லை. நான்காவது தடவை எழுந்தபோது நான் எண்ணிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு “சாமியே” என்று ஆரம்பித்தார். அவ்வளவு பேர் சரணம் சொன்ன அந்த ஹாலில் மெந்தால் வாசனை வந்தது எனக்கு மட்டும்தானா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.

பிரசாதம் கொடுக்கும்போது சேனாபதி வந்து கை கட்டி நின்றார். “குருசாமி, ஒரு சந்தேகம். ஆபீஸ்ல மீட்டிங்ல தூக்கம் வருது. ஒரு சூயிங் கம் மட்டும் போட்டுக்கலாமா?”

“கூடாது” என்றார் பசுபதி. “வாயும் மனசும் ஒண்ணு. வாய்க்கு ஒரு வேலை குடுத்தா மனசு அங்க போயிடும்.”

சேனாபதி கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஊருக்கு உபதேசம் என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் பசுபதி திரும்பியபோது அவர் முகத்தைப் பார்த்துவிட்டேன். வேர்த்து வெளிறிப் போயிருந்தது. சொன்னது சேனாபதிக்கு இல்லை, தனக்கேதான்.

காமாக்ஷி என்னைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டார். கையில் எவர்சில்வர் டம்ளர்களை அடுக்கிக்கொண்டே கேட்டார். “சாமி, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. அவர் ஆபீஸ்ல சிகரெட் பிடிக்கிறாரா?”

“சத்தியமா இல்லம்மா” என்றேன்.

சத்தியம்தான். பசுபதி செய்த அதே கெட்டிக்காரத்தனத்தை நானும் செய்தேன், அவருக்காவது ஒரு பயம் இருந்தது. “சரி சாமி” என்று சொல்லிவிட்டு டம்ளர்களைக் கழுவத் திரும்பிக்கொண்டார்.

ஒன்பதாம் தேதி ஆபரேஷன் நல்லபடி முடிந்து சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ரிசல்ட் வர ஒரு வாரம் ஆகும். அன்றைக்கு ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் இருந்த குப்பைத் தொட்டியில் பசுபதி அந்த வேப்பையும் மிச்சமிருந்த பாட்களையும் போட்டுவிட்டார். எனக்கு மெசேஜ் வந்தது: இவால்யுவேஷன் முடிந்தது, ஃபெயில். நான் ஒரு கும்பிடு அனுப்பினேன். நிஜமாகவே நிம்மதியாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் வேறொரு கேஸ் ஸ்டேஷனில் அதே மாதிரி இன்னொன்று வாங்கிவிட்டார். அதை வியாழக்கிழமை காரில் ஏறியதும் அவரேதான் சொன்னார். சொல்லும்போதே ஷீட்டை என் பக்கம் நீட்டினார். சிவப்பு விளக்கில் நின்றபோது பார்த்தேன். ஒரு பாட் எத்தனை நாள் வருகிறது என்று ஒரு கட்டம். முதல் பாட் நாலு நாள். அடுத்தது மூன்று. அதற்கடுத்த இரண்டும் இரண்டிரண்டு. கடைசி இரண்டும் ஒவ்வொரு நாள்.

“முன்னெல்லாம் ஒரு நாளைக்கு எட்டு சிகரெட் சாமி. கடைக்காரன் சொல்ற கணக்கு சரின்னா, ஒரு பாட் ஒரு பாக்கெட்டுக்குச் சமம். எட்டு பிடிச்சவன் இருபது பிடிக்கறேன். விரதத்துல.”

“ஏன் சாமி?”

“சிகரெட் முடிஞ்சுடும். பத்த வெச்சா அஞ்சு நிமிஷத்துல விரலைச் சுடும், தூக்கிப் போட்டுட்டு உள்ள வந்துடுவோம். வெயில்ல நிக்கணும், குளிர்ல நிக்கணும், நாலு பேர் பாப்பாங்கன்னு கூசணும். அதெல்லாம் ஒரு வேலி மாதிரி இருந்திருக்கு. இதுக்கு முடிவுன்னு ஒண்ணு கிடையாது. படுத்துக்கிட்டே இழுக்கலாம். நேத்து கிச்சன்ல நின்னு அவளுக்கு ரசம் வெச்சேன். அடுப்பை அணைக்கும்போது பாக்கறேன், இது கையில இருக்கு. எப்ப எடுத்தேன், எத்தனை தடவை இழுத்தேன், எதுவும் தெரியல. நான் டெஸ்ட் பண்றேன்னு நெனச்சேன் சாமி. அதுதான் என்னை டெஸ்ட் பண்ணிக்கிட்டு இருந்திருக்கு.”

அவர் அழுதுவிடுவார் என்று பயந்தேன். அழவில்லை, அதைவிட மோசமாக ஒன்று சொன்னார். “நான் இழுக்கற ஒவ்வொரு இழுப்பும் அவ உடம்புல போய் விழுது. லேப்ல அந்தக் கட்டியை இப்ப மைக்ராஸ்கோப்ல வெச்சுப் பாத்துக்கிட்டு இருப்பாங்க. நான் இங்க இழுத்தா அங்க ஒரு செல் மாறும். எனக்குத் தெரியுது சாமி.”

“பைத்தியம் மாதிரி பேசாதீங்க. கட்டியை எடுத்து ரெண்டு நாளாச்சு. அது இனிமே மாறாது. நீங்க இழுத்தாலும் அதேதான், இழுக்காட்டியும் அதேதான்.”

“அது சயின்ஸ். நான் சயின்ஸையா வேண்டிக்கிட்டேன்?”

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். பக்கத்து சீட்டில் அரண்டு போய் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது, கார் ஓட்டுகிறவனுக்கும் கொஞ்சம் இருட்டத்தான் செய்கிறது. அந்த வாரம் என் கழுத்தில் இருந்த மாலையைத் தொடவே எனக்குக் கூசியது.

திங்கட்கிழமை ஆபீஸ் மீட்டிங்கில் அவருக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. மற்றவர்கள் பேசுவது காதில் விழவில்லையாம். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்து எண்ணினார், நிமிடத்துக்கு நூற்றுப் பதினெட்டு. எனக்குப் போன் வந்தது. ரோட்டைத் தாண்டி ஓடினேன். அவர் கை ஜில்லிட்டிருந்தது.

“எமர்ஜென்சிக்குப் போலாம், எழுந்திருங்க.”

“வேணாம் சாமி. போனா அவளுக்குத் தெரிஞ்சுடும். புதன்கிழமை ரிசல்ட். அதுவரைக்கும் நான் விழக் கூடாது.”

பத்து நிமிடத்தில் கொஞ்சம் அடங்கியது. காமாக்ஷியிடம் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரி ஆப்பில் புது ரிசல்ட் வந்திருப்பதாகப் போனில் அறிவிப்பு வந்தது. இந்த ஊரில் டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்னால் போன் கூவிவிடும். காமாக்ஷி திறந்து பார்க்க மாட்டேன், டாக்டர் வாயால் கேட்டுக்கொள்கிறேன் என்று முதலிலேயே சொல்லியிருந்தார். மத்தியானம் இரண்டு மணிக்குத் தையலைப் பார்க்கிற அப்பாயின்ட்மெண்ட். பசுபதி காரோட்டுகிற நிலையில் இல்லை. நான்தான் இரண்டு பேரையும் அழைத்துப் போனேன்.

அவர்கள் உள்ளே போன பிறகு நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். இருபத்தைந்து நிமிடம். சுவரில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. எதிரே ஒரு பாட்டி ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். என்னைக் கேட்டால், என் பிள்ளை பிறந்த அன்றுகூட நான் அவ்வளவு பயந்ததில்லை. கதவு திறந்தது. முதலில் காமாக்ஷியின் முகம் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தார்.

“ஒண்ணும் இல்ல சாமி. வெறும் கட்டிதான். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பாத்துக்கிட்டா போதும்னு சொல்லிட்டாங்க.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பசுபதி பின்னால் நின்றுகொண்டிருந்தார். “ரெண்டு நிமிஷம்” என்று சொல்லிவிட்டு ரெஸ்ட்ரூம் பக்கம் போனார். முகம் கழுவப் போகிறார், அழுதுவிட்டு வரட்டும் என்று நினைத்தேன்.

திரும்பி வந்தார். மெந்தால் வாசனை வந்தது.

அப்போதுதான் எனக்கு நிஜமான பயம் வந்தது. அதுவரைக்கும் பயத்தில் இழுக்கிறார், ரிசல்ட் வந்ததும் விட்டுவிடுவார் என்று நானும் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். நல்ல செய்தி வந்து மூன்று நிமிடம்கூட ஆகவில்லையே.

காரில் ஏறினோம். அவர் முன்னால், காமாக்ஷி பின்னால். டோல்வே ராம்ப்பில் ஏறும்போது பசுபதி சட்டென்று திரும்பினார். “காமு, நான் பேச்சைக் காப்பாத்தல.” கையைத் திறந்து அதைக் காட்டினார். “ஒம்பதாம் நாள்லேர்ந்து இது. இப்ப அங்க ரெஸ்ட்ரூமுக்குப் போனேன் பாரு, சாமிக்கு நன்றி சொல்லத்தான் போனேன். கண்ணை மூடறதுக்கு முன்னாடியே கை இதை எடுத்து வாயில வெச்சுடுச்சு. உன்னைக் காப்பாத்திக் குடுத்தவனுக்கு ஒரு சரணம்கூட முதல்ல சொல்ல முடியல என்னால.”

நான் கண்ணாடியில் பார்த்தேன். காமாக்ஷி அதிரவே இல்லை.

“தெரியும்” என்றார்.

“தெரியுமா?”

“வேட்டியைத் துவைக்கறது யாரு? ட்ரையர் ஃபில்டர்ல ஒரு குப்பி கிடந்தது. ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு. இவர்கிட்டயும் கேட்டேன். சத்தியமா இல்லைன்னார்.” என்னைத்தான் சொன்னார். நான் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்து ரோட்டைப் பார்த்தேன்.

“ஏன் கேக்கல என்னை?” என்றார் பசுபதி.

“கேட்டா ஒளிச்சு வெப்பீங்க. இப்ப எங்க வெக்கறீங்கன்னாவது எனக்குத் தெரியும்.” அப்புறம் குரலை உயர்த்தாமல் சொன்னார். “நான் ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. அந்த டாக்டரம்மா வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி, ஒரே ஒரு செகண்ட், கேன்சர்னு சொல்லிட்டா பரவாயில்லைன்னு நெனச்சேன்.”

“என்னடி பேசற?”

“சொன்னா நீங்க பயந்து விட்டுடுவீங்கன்னு நெனச்சேன். எனக்கு ஒண்ணும் இல்லைன்னு ஆயிடுச்சு. இனிமே எதைக் காட்டி உங்களைப் பயமுறுத்தறது? பதினேழு வருஷமா சாமியைக் காட்டியாச்சு. இந்த வருஷம் என்னையே காட்டியாச்சு. அதுக்கும் மேல இந்த வீட்டுல வேற என்ன இருக்கு?”

பசுபதி முன்பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். பதினோரு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். எங்கள் ஊருக்கு இறங்குகிற எக்ஸிட் வந்தது. நான் இறங்காமல் நேரே ஓட்டினேன், அந்த நிலையில் அவர்களை வீட்டு வாசலில் இறக்கிவிட எனக்கு மனசு வரவில்லை. இரண்டு எக்ஸிட் தாண்டியிருக்கும். அவர் முகத்திலிருந்து கையை எடுத்தார்.

“காமு, நாளைக்கு எனக்கு ஒரு டாக்டர் அப்பாயின்ட்மெண்ட் போடு.”

“எதுக்கு?”

“இதை விடறதுக்கு. திங்கக்கிழமை ஆபீஸ்ல நெஞ்சு அடிச்சுக்கிச்சு, அதையும் சொல்லணும். நீ கூட வா. நான் தனியாப் போனா பொய் சொல்லிடுவேன். உள்ள போற இடத்துல ஃபாரம் நிரப்ப ஒரு டேப்லட் கம்ப்யூட்டர் குடுப்பாங்க இல்ல, புகைப்பழக்கம் உண்டான்னு கேக்கும். இருபது வருஷமா ‘நெவர்’னுதான் தட்டியிருக்கேன். நீ பக்கத்துல இருந்தா முடியாது.”

வேப் அவர் கையிலேயே இருந்தது. அதைப் பின்னால் நீட்டினார். காமாக்ஷி வாங்கிக்கொள்ளவில்லை.

“நான் வரேங்க” என்றார். சாமி என்று சொல்லவில்லை. “பக்கத்துலயே உக்காந்திருக்கேன். ஆனா டேப்லட்டை நான் தொட மாட்டேன். நீங்கதான் தட்டணும்.”